பதிவேட்டிலிருந்து பார்கோட் வரை: திருகோணமலையில் ஒரு பொது நூலகத்தைக் கணினிக்குக் கொண்டுவருவது

கணினி வாங்குவதை ஆகக் கடைசிக்குத் தள்ளுங்கள். நூலகக் கணினிமயமாக்கல் என்றதும் முதலில் தயாராவது விலைமனுதான். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் இயந்திரங்கள் பொலித்தீன் உறையோடு இருக்கும், பதிவேடு பழையபடியே கிடக்கும். கடலுக்குப் பக்கத்தில் உள்ள ஊரில் ஒரு கணினிக்கு ஐந்து வருட ஆயுள் கிடைத்தாலே பெரிது. ஒழுங்காகச் செய்த நூற்பட்டியலோ நான்கு கணினிகளைத் தாண்டியும் இருக்கும். ஆகவே காசையும் ஆட்களின் நேரத்தையும் பட்டியலில் போடுங்கள்.

உள்ளூராட்சி சபை ஒன்று நடத்தும் நூலகம், சுமார் 12,000 நூல்கள், இரண்டு மூன்று ஊழியர்கள், தட்டுகளில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும். பட்டினத்திலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் குச்சவெளியிலும் எதிர்பார்க்கக்கூடிய அளவு இது. கீழே உள்ள கணக்குகள் இந்த அளவுக்குத்தான்.

முதலில் தட்டோடு பதிவேட்டை ஒப்பிடுங்கள்

இரண்டு பேர் போதும். ஒருவர் தட்டிலிருந்து நூலின் பதிவு இலக்கத்தை வாசிக்க, மற்றவர் பதிவேட்டில் பென்சிலால் குறி போட வேண்டும். முடியும்போது நான்கு வகை கிடைக்கும். இரண்டிலும் இருப்பவை, பதிவேட்டில் மட்டும் இருப்பவை, தட்டில் மட்டும் இருப்பவை, ஒரே இலக்கத்தைத் தாங்கிய இரண்டு நூல்கள்.

நான்காவதுதான் தலையிடி. புதிய பதிவேடு தொடங்கியபோது திரும்பவும் 1இலிருந்து எண்ணியிருப்பார்கள், அன்பளிப்பு நூல்களுக்குத் தனி வரிசை போட்டிருப்பார்கள், மூடிய வாசிகசாலையின் நூல்கள் தம் பழைய இலக்கத்தோடேயே வந்து சேர்ந்திருக்கும். கணினியில் ஒரு பார்கோட் இலக்கம் ஒரு பிரதிக்கு மட்டுமே சொந்தம், இரண்டாவதை அது ஏற்காது. பழைய இலக்கத்தை அழிக்க வேண்டாம், கணக்காய்வுக்கு அதுதான் ஆதாரம். ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் இரண்டு இலக்கக் குறி போட்டு எல்லாவற்றையும் எட்டு இலக்கமாக்குங்கள். பொதுப் பதிவேட்டின் 4217ஆம் நூல் 11004217, அன்பளிப்புப் பதிவேட்டின் 4217ஆம் நூல் 12004217. குறியை 0இல் தொடங்காதீர்கள், எக்செல் முன்னால் வரும் சுழியங்களைத் தின்றுவிடும்.

தட்டில் இல்லாத நூலைக் கணினியில் ஏற்ற வேண்டாம். அதற்குரிய பதிவழிப்பு நடைமுறை தனியாக, தன் வேகத்தில் நடக்கட்டும். கறையான் அரித்ததையும் மழையில் ஊறி ஒட்டிப்போனதையும் இப்போதே பிரித்து வையுங்கள். ஒரு நூலைப் பதிய சராசரியாக 8 நிமிடம் என்று வைத்தால் 12,000 நூல்களுக்கு 1,600 மணித்தியாலம். கவுண்டர் வேலை போக இரண்டு பேர் நாளுக்கு நான்கு மணித்தியாலம் இருந்தால் 200 வேலை நாட்கள், அதாவது பத்து மாதம். மூன்று மாதத்தில் முடிப்போம் என்று சபைக்கு எழுதிக் கொடுத்தவர்கள் கடைசியில் தலைப்பை மட்டும் தட்டிவிட்டு ஆசிரியர், ஆண்டு, பகுப்பு எல்லாவற்றையும் வெறுமையாக விடுவார்கள். பிறகு அதைத் திருத்துவதற்குப் புதிதாகச் செய்வதைவிட அதிக நேரம் போகும்.

தமிழ் எழுத்து: தேடினால் அகப்படாமல் போகும் இடங்கள்

பல நூலகங்களில் ஏற்கெனவே ஒரு எக்செல் பட்டியல் இருக்கும், அதுவும் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில். அதை யூனிகோடுக்கு, அதாவது ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறி தரும் பொது முறைக்கு, மாற்றிக்கொண்டால் பாதி வேலை மிச்சம். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. பாமினியில் கணினி சேமித்து வைத்திருப்பது ஆங்கில எழுத்துகளைத்தான், எழுத்துரு மட்டுமே அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. கோப்பைச் சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்தாக, சேமித்த கணத்தில் எழுத்துரு விபரம் போய்விடும். அதன்பின் எந்த வரி உண்மையான ஆங்கிலத் தலைப்பு, எந்த வரி பாமினித் தமிழ் என்று கணினிக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் ஆங்கில நூல்கள் அத்தனையும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். ஆகவே எக்செலில் இருக்கும்போதே புதிதாக ஒரு நிரல் சேர்த்து ஒவ்வொரு வரிக்கும் மொழியைக் குறியுங்கள். எக்செலின் தேடல் பெட்டியில் எழுத்துருவை வைத்தும் தேடலாம், அது கைகொடுக்கும். பிறகு தமிழ் என்று குறித்த வரிகளை மட்டும் மாற்றியில் போடுங்கள். சேமிக்கும்போது யூடிஎஃப்-8 சிஎஸ்வி என்பதைத் தெரிவு செய்யாவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக வந்து நிற்கும். ஐஎஸ்பிஎன் எனப்படும் சர்வதேச நூல் இலக்க நிரலை எழுத்து வடிவமாக மாற்றி வையுங்கள், இல்லாவிட்டால் 13 இலக்கமும் சுருங்கி அடுக்கு எண்ணாகிவிடும்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத பிழை. ‘கொ’ என்பதைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒற்றைக் குறியாக, அல்லது ககரத்தோடு ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் ஒன்றே, கணினிக்கு வேறு. ‘என்எஃப்சி’ எனப்படும் யூனிகோட் சீராக்கத்தை முழுக் கோப்புக்கும் ஒரு தடவை ஓடவிட்டால் இது தீரும். இணையத்திலிருந்து வெட்டி ஒட்டிய தலைப்புகளில் அகலமே இல்லாத மறைகுறிகள் ஒளிந்திருக்கும், அவற்றையும் அதே தடவையில் களையுங்கள்.

‘ௌ’ மட்டும் அப்படித் தீராது. ‘கௌரி’ என்பதைப் பலர் ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்துக் ‘கெளரி’ என்று தட்டிவிடுகிறார்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. சீராக்கமும் இதைத் தொடாது, ஏனென்றால் எழுத்தே வேறு. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடுவோம் என்று இறங்கினால் நிலாவெளியும் குச்சவெளியும் வெள்ளமும் வெளியீடும் சிதைந்துபோகும். கெள, மெள, பெள, செள என்று முதலெழுத்து வாரியாகத் தேடி, கண்ணால் பார்த்து மாற்றுவதே வழி. 12,000 பதிவுகளுக்கு ஒரு பிற்பகல் பிடிக்கும்.

பிறகு ஊர்ப் பெயர். திருகோணமலை, திருக்கோணமலை, திரிகோணமலை, திருமலை என்று நான்கும் அட்டைகளில் அச்சாகியிருக்கின்றன. தலைப்புப் புலத்தில் நூலில் உள்ளபடியே எழுதுங்கள், நம் விருப்பத்துக்குத் திருத்த வேண்டாம். பொருட்தலைப்பில் மட்டும் ஒன்றைத் தெரிந்தெடுத்து, மற்ற மூன்றையும் அதிகாரப் பதிவில் (ஒரு பெயரின் ஏற்ற வடிவத்தை வைத்திருக்கும் பதிவு) ‘காண்க’ குறிப்புகளாகச் சேருங்கள். ஆசிரியர் பெயருக்கும் இதே விதி. 1895இல் ‘மோகனாங்கி’ எழுதிய நம்மூர் சரவணமுத்துப்பிள்ளையை ஒருவர் ‘சரவணமுத்துப் பிள்ளை’ என்று பிரித்தும், இன்னொருவர் ‘சரவணமுத்துபிள்ளை’ என்று ஒற்று விட்டும், மூன்றாமவர் முதலெழுத்தை முன்னால் போட்டும் பதிந்தால், அவர் நூலகத்தில் மூன்று ஆசிரியர்களாக வாழ்வார். பெயரை முன்னால், முதலெழுத்தைக் காற்புள்ளிக்குப் பின்னால் என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். புனைபெயரில் எழுதியவரைப் புனைபெயரிலேயே வைத்து, இயற்பெயரை ‘காண்க’ ஆக்குங்கள்.

தட்டச்சு முறை அவரவர் பழக்கம். பாமினி முறை, ரெங்கநாதன் முறை, ஒலியியல் முறை எதுவானாலும் வெளிவருவது யூனிகோடாக இருந்தால் போதும். பழைய ஊழியரிடம் புதுவிசைப்பலகையைத் திணித்தால் பத்து மாத வேலை பதினெட்டு மாதமாகும். சிங்கள நூல்களைச் சிங்கள எழுத்திலேயே, அம்மொழி வாசிக்கத் தெரிந்தவர்தான் பதிய வேண்டும். தமிழில் ஒலிபெயர்த்துப் போட்ட சிங்களத் தலைப்பை எந்த வாசகரும் தேடப் போவதில்லை.

ஒரு நூலைக் கையில் எடுத்தால்

ஐஎஸ்பிஎன் உள்ள ஆங்கில நூல் சுலபம். கோஹா என்னும் நூலக மென்பொருளில், பிற நூலகங்களின் பட்டியலைத் தேடும் இசட் 39.50 வசதிக்கு இலக்கத்தைக் கொடுத்தால் பெரிய நூலகம் ஒன்றின் பதிவு வந்துவிடும், மூன்று நிமிட வேலை. இலங்கை வெளியீடுகளின் ஐஎஸ்பிஎன்னில் நாட்டுக் குறி 955, பின்னர் 624; 13 இலக்கமானால் அதற்கு முன்னால் 978 இருக்கும். இவற்றுக்கு ஆயத்தப் பதிவு அகப்படுவது அருமை. அகப்பட்டாலும் தலைப்பு ரோம எழுத்தில் ஒலிபெயர்ப்பாக இருக்கும், தமிழில் மாற்றி எழுத வேண்டும்.

ஐஎஸ்பிஎன்னே இல்லாத பழைய உள்ளூர் வெளியீடு ஒன்றைப் பாருங்கள். கோயில் கும்பாபிஷேக மலர் என்று வையுங்கள். தலைப்பை அட்டையிலிருந்து எடுக்காதீர்கள், உள்முகப்புப் பக்கத்திலிருந்து எடுங்கள். அது கிழிந்திருந்தால் மட்டும் அட்டை. நூற்பதிவின் புலங்களுக்கு இலக்கமிடும் மார்க் 21 முறையில் தலைப்புக்கு 245, ஆசிரியருக்கு 100, வெளியீட்டு விபரத்துக்கு 264, டூயி பகுப்பு இலக்கத்துக்கு 082. மலருக்குத் தனி ஆசிரியர் இல்லை என்றால் 100ஐ வெறுமையாக விட்டு, மலராசிரியரை 700இல் போடுங்கள்.

ஆண்டு என்ற இடத்தில் ‘மன்மத வருடம் தை’ என்று மட்டும் இருக்கும். அறுபது வருடத்துக்கு ஒருமுறை மன்மத வரும்: 1895, 1955, 2015. தாளையும் அச்சையும் பார்த்து இது ஐம்பதுகளுக்குரியது என்று தெரிந்தாலும் 1955 என்று எழுதினால் பிழை. சித்திரையில் பிறக்கும் மன்மதவின் தை, அடுத்த ஆங்கில ஆண்டின் தை. ஆகவே 1956. நூலில் உள்ளதை அப்படியே எழுதி, கணித்த ஆண்டை சதுர அடைப்பில் சேருங்கள்.

தமிழ் இலக்கியத்துக்கு டூயியில் 894.811, சிங்கள இலக்கியத்துக்கு 891.48, இலங்கை வரலாற்றுக்கு 954.93. நாவலும் சிறுகதையும் ஒரே எண்ணில் குவியும் என்பதால் எண்ணுக்குக் கீழே ஆசிரியர் பெயரின் முதல் மூன்று எழுத்தைப் போடுங்கள். ஒவ்வொரு பதிவிலும் மொழிக் குறியீட்டைத் தவறாமல் நிரப்புங்கள். சிங்கள நூல்களை மட்டும் காட்டு என்று ஒருவர் கேட்கும் நாள் வரும், குறியீடு இல்லாவிட்டால் 12,000 பதிவையும் திரும்பத் திறக்க வேண்டியதுதான்.

கோஹாவும் அது ஓடும் பெட்டியும்

கோஹா இலவசம், திறந்த மூலம். நியூசிலாந்தின் சிறிய ஊர் நூலகங்களுக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் பாவனைக்கு வந்தது. மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்கு அன்பளிப்பு என்று பொருள். டெபியன் அல்லது உபுண்டு லினக்ஸில் ஓடும். இந்த அளவு நூலகத்துக்கு 8 ஜிபி ராமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் உள்ள சாதாரண மேசைக்கணினியே சேர்வராகப் போதும். கவுண்டருக்கும் வாசகர் தேடலுக்கும் இருக்கும் பழைய கணினிகளை உலாவியோடு பயன்படுத்தலாம். எல்லாவற்றையும் ஒரு ரூட்டரில் கேபிளால் இணைத்தால் இன்டர்நெட் இல்லாவிட்டாலும் வேலை ஓடும். நிறுவ லினக்ஸ் தெரிந்த ஒருவர் இரண்டு நாள் உட்கார வேண்டும். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிப்பிக்கிறார்கள், மாணவர் செயற்றிட்டமாகக் கேட்டுப் பார்க்கலாம்.

நிறுவுபவரிடம் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: சுட்டியாக்கம், அதாவது தேடலுக்காகச் சொற்களை வரிசைப்படுத்தி வைப்பது, யூனிகோடுக்கான ‘ஐசியு’ முறையில் இருக்க வேண்டும். இயல்பாக வரும் முறை மேற்கத்திய எழுத்துகளுக்கானது, அதில் தமிழ்த் தேடல் காலை வாரும். நூல்களை ஏற்றிய பிறகு மாற்றினால் முழுப் பட்டியலையும் மீண்டும் சுட்டியாக்க வேண்டிவரும். சொல்லின் முன்பகுதியை வைத்துத் தேடும் வசதியையும் திறந்து வையுங்கள். தமிழில் வேற்றுமை உருபு ஒட்டிக்கொள்வதால் அது இல்லாவிட்டால் ‘திருமலை’ என்று தேடுபவருக்குத் ‘திருமலையின்’ அகப்படாமல் போகும்.

கரண்ட் போகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். 650 விஏ யூபிஎஸ் ஒரு மேசைக்கணினியைப் பத்து நிமிடமளவில் தாங்கும். அந்தப் பத்து நிமிடம் வேலை செய்வதற்கல்ல, ஒழுங்காக அணைப்பதற்கு. யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி கேபிளைச் சேர்வரில் செருகி, பற்றரி குறைந்ததும் தானாக அணையும்படி அமைக்காவிட்டால் ஒருநாள் தரவுத்தளம் பாதி எழுதிய நிலையில் நின்றுபோகும். பற்றரியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றக் காசு ஒதுக்குங்கள்.

உப்புக்காற்று மெதுவாகக் கொல்லும். கடலைப் பார்த்த ஜன்னலடியில் சேர்வரை வைக்காதீர்கள், நிலத்திலும் வைக்காதீர்கள். 2004 டிசம்பர் 26ஐக் கண்ட கரை இது. இடுப்புக்கு மேல், உட்சுவர் ஓரமாக. மழை மாதங்களில் நாட்கணக்காக அணைத்தே வைத்தால் உள்ளே ஈரம் படிந்து தொடுமுனைகள் பச்சை பூக்கும். ஓடுகிற இயந்திரத்தின் சூடே அதற்கு மருந்து. பயன்படுத்தாத யூஎஸ்பி துளைகளுக்கு மூடி போடுங்கள்.

லேபலும் ஸ்கேனரும்

பார்கோடில் கோட் 128 வகையைத் தெரிவு செய்யுங்கள். மெல்லிய கோடு 0.33 மில்லிமீற்றர் என்றால் எட்டு இலக்கம் கோட் 128இல் 26 மில்லிமீற்றரில் அடங்கும். ஏ4 தாளில் 65 லேபல் வரும் வகையில் ஒரு லேபலின் அகலம் 38 மில்லிமீற்றர், இரு பக்க வெற்றிடத்தோடு சரியாகப் பொருந்தும். கோட் 39 என்றால் 40ஐத் தாண்டும், ஓரம் வெட்டுப்பட்டு ஸ்கேனர் வாசிக்காது. நூலுக்கு இரண்டு லேபல், பின்னட்டை மேல் மூலையில் ஒன்று, உள்முகப்பின் பின்பக்கம் ஒன்று. மொத்தம் 24,000, அதாவது 370 தாள். சேதம் சேர்த்து 400 வாங்குங்கள். லேசர் பிரிண்டர்தான், இங்க்ஜெட் மை இங்குள்ள ஈரத்தில் கசியும். அட்டை லேபலின் மேல் தெளிவான டேப் ஒட்டுங்கள். ஒரே லேபலை இரண்டு தடவை அச்சிட்டு இரண்டு நூலில் ஒட்டும் பிழை நடந்தே தீரும், ஆகவே நூலைப் பதியும் அதே இருக்கையில் ஒட்டிவிட்டு, ஒட்டியதை ஸ்கேன் செய்து திரையில் அதே தலைப்பு வருகிறதா என்று பாருங்கள்.

ஸ்கேனர் கணினிக்கு இன்னொரு விசைப்பலகை மட்டுமே. தமிழ் விசைப்பலகை இயங்கும்போது எழுத்து கலந்த பார்கோடை ஸ்கேன் செய்தால் தமிழ் எழுத்து வந்து விழும். ஸ்கேனர் பழுது என்று கடைக்குக் கொண்டு போவார்கள், அங்கே நன்றாக வேலை செய்யும். இலக்கம் மட்டுமே உள்ள பார்கோடுக்கு இந்தத் தொல்லை இல்லை.

வருடாந்தக் கணக்கெடுப்பில் இத்தனை பாட்டுக்கும் பலன் தெரியும். மடிக்கணினியையும் ஸ்கேனரையும் தட்டுக்குத் தட்டு கொண்டு போய் பார்கோடுகளை ஒரு உரைக் கோப்பில் சேர்த்து, கோஹாவின் இருப்பெடுப்புப் பகுதியில் ஏற்றினால் இல்லாத நூல்களின் பட்டியல் வந்துவிடும்.

கவுண்டரில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அங்கத்தவர் அட்டைக்கு அடையாள அட்டை இலக்கத்தைப் போடாதீர்கள். ஒரே ஆளிடம் பழைய ஒன்பது இலக்கமும் புதிய பன்னிரண்டு இலக்கமும் இருக்கும், சிறுவரிடம் இரண்டும் இராது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, தேவையில்லாத விபரத்தைக் கேட்டு வாங்கி வைக்க வேண்டாம். கரண்ட் இல்லாத நேரத்துக்கு மூன்று நிரல் கோடிட்ட கொப்பி ஒன்று மேசையில் இருக்கட்டும்: நேரம், அட்டை இலக்கம், நூல் இலக்கம். கரண்ட் வந்ததும் எழுதிய வரிசையிலேயே ஏற்றுங்கள். வரிசை மாறினால் திருப்பித் தந்த நூல் இன்னும் அவரிடமே இருப்பதாகக் காட்டும், வாசகரோடு வாக்குவாதம் அங்கேதான் தொடங்கும்.

உள்ளூர் ஆவணங்களை ஸ்கேன் செய்வது

பட்டியல் முடியுமுன் இதில் இறங்காதீர்கள். இறங்கினால் கடையில் கிடைக்கும் நாவலை விட்டுவிட்டு வேறெங்கும் இல்லாததை எடுங்கள்: பாடசாலை மலர், கோயில் மலர், சனசமூக நிலைய வெளியீடு, துண்டுப்பிரசுரம். அதற்கு முன் ‘நூலக நிறுவனம்’ (Noolaham Foundation) நடத்தும் இணைய நூலகத்தில் அது ஏற்கெனவே ஏறியிருக்கிறதா என்று தேடுங்கள். 2005 முதல் ஈழத்து வெளியீடுகளை அவர்கள் ஏற்றி வருகிறார்கள்.

எழுத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), படத்துக்கு 600. ஏ4 பக்கம் ஒன்று 300 டிபிஐயில் முழு வண்ணத்தில் சுருக்காமல் 26 எம்பி. 80 பக்க மலர் 2 ஜிபி. 1 டிபி வட்டில் சுமார் 480 மலர்கள். மூலப்பிரதியை டிஃப் கோப்பாகச் சுருக்காமல் வையுங்கள், வாசகருக்கு அதிலிருந்து பிடிஎஃப். முதுகு இறுகிய நூலைத் தட்டையான ஸ்கேனரில் அழுத்தினால் தையல் விடும். மேலிருந்து படமெடுக்கும் தாங்கியும், இருபுறமும் 45 பாகையில் விளக்கும் வைத்துக் கைபேசியால் எடுப்பது நூலுக்கு நல்லது. பக்கத்தின் படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளில் டெசராக்ட் தமிழ் தெரிந்தது, ஆனால் தும்பிக்கை வைத்த பழைய ‘லை’, ‘ணை’ அச்சில் அது தடுமாறும். பழைய அச்சு நூல்களில் எழுத்துணரியை நம்பாமல் உள்ளடக்கப் பக்கத்தைக் கையால் தட்டச்சு செய்யுங்கள்.

உரிமை விடயத்தில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியரின் ஆயுளும் அதற்குப் பின் 70 வருடமும். ‘மோகனாங்கி’க்குத் தடையில்லை. உயிரோடு இருப்பவரின் மலர்க் கட்டுரைக்கு ஒரு பக்க அனுமதிக் கடிதம் வாங்கிக் கோப்பில் இடுங்கள்.

காப்புப்பிரதி

இரவில் ஓடும்படி அமைத்த காப்புப்பிரதி வேலை, மாலையில் மெயின் ஆளியை அணைத்துவிட்டுப் போகும் நூலகத்தில் ஒருநாளும் ஓடாது. நேரத்தைப் பிற்பகல் 3 மணிக்கு மாற்றுங்கள். மூன்று பிரதி வேண்டும்: சேர்வரில் ஒன்று, வெள்ளிக்கிழமை தோறும் வெளிவட்டில் ஒன்று, கரையிலிருந்து தள்ளியுள்ள இன்னொரு கட்டடத்தில் ஒன்று. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து நூலகம் ஒன்றோடு வட்டை மாற்றிக்கொள்ளலாம். பென்டிரைவை இதற்கு நம்ப வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த வட்டை வேறொரு கணினியில் போட்டுக் கோஹாவை மீட்டெடுத்து, கடைசியாகப் பதிந்த நூலின் இலக்கத்தைத் தேடுங்கள். வந்தால் திகதியைக் கொப்பியில் எழுதிக் கையெழுத்திடுங்கள். வராவிட்டால் அன்று கவுண்டரைத் திறக்குமுன் அதைச் சரிசெய்யுங்கள்.